பாஸ்போர்ட்டில் வரும் ‘லெட்’: அனுமதியா, தடையா?

கேள்வி: இந்திய பாஸ்போர்ட்டின் உள்பக்கத்தில் ‘வித்தவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்’ என்று இருக்கிறது. லெட் என்றால் அனுமதிப்பதுதானே? பிறகெப்படி ‘அனுமதி இல்லாமல்’ என்று வரும்? காலப்போக்கில் பொருள் தலைகீழாக மாறிவிட்டதா?

பதில் 1: மாறவில்லை. அவை இரண்டு தனிச் சொற்கள்; பாஸ்போர்ட்டில் வருவது ‘தடை’ என்ற லெட், அதாவது ‘தடையோ இடையூறோ இல்லாமல்’. பழைய ஆங்கிலத்தில் ‘லெட்டன்’ என்றால் தடுத்தல், ‘லேட்டன்’ என்றால் விடுதல். உச்சரிப்பு தேய்ந்து எழுத்தும் ஒன்றாகிப் போனது. எதிரெதிர்ப் பொருளுக்கு ஒரே வடிவம் இருந்தால் குழப்பம்தானே, அதனால் தடை லெட் மெல்ல வழக்கொழிந்தது. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தில் ‘என்னை லெட் செய்பவனைப் பேயாக்கிவிடுவேன்’ என்று வருவது இதுதான். இன்று சட்ட வாசகத்திலும் டென்னிஸிலும் மிச்சமிருக்கிறது: சர்வீஸ் பந்து வலையில் உரசிச் சரியான கட்டத்தில் விழுந்தால் ‘லெட்’, மறுபடி போடணும்.

பதில் 2: நிஜமாகவே பொருள் மாறிய சொல் வேண்டுமென்றால் ‘பிரிவென்ட்’ பாருங்க. லத்தீனில் ‘முன்னே வா’. 1611-இல் வந்த ஆங்கில பைபிளில் 1 தெசலோனிக்கேயர் 4:15-இல் அந்தப் பொருளில்தான் இருக்கிறது. தமிழ் பைபிளில் ‘முந்திக்கொள்வதில்லை’. முந்திப் போய் வழியை மறிப்பது, அப்புறம் தடுப்பது என்று நகர்ந்தது.

கேள்வி கேட்டவர்: எது எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில் 1: பெரிய ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் பாருங்க. தனித்தனித் தலைச்சொல்லாக இருந்தால் பெரும்பாலும் வேறு வேர்; ஒரே தலைச்சொல்லுக்குக் கீழே பல பொருள் என்றால் மாற்றம். அதில் பொருள்கள் வரலாற்று வரிசையில் இருக்கும். மாணவர் பதிப்புகளை இதற்கு நம்பாதீங்க, அவை இன்று அதிகம் புழங்கும் பொருளையே முதலில் போடும்.