புதுப்பிப்பு: ஐசியுவா வார்டான்னு கேட்டிருந்தேனே, வார்டுல சேர்ந்துட்டேன்

மூணு மாசம் முன்னாடி கேட்டது இதுதான்: பி.எஸ்சி. நர்சிங் முடிச்சாச்சு, ஐசியு, மெடிக்கல் வார்டு ரெண்டுலயும் இடம் இருக்கு, எதுல சேர? பாதிப் பேர் ஐசியுன்னீங்க. மன்னிச்சுக்கோங்க!

ஒரு அக்கா, "எத்தனை நாள் சீனியரோட விடுவாங்கன்னு கேளு"ன்னு சொல்லியிருந்தாங்க. கேட்டேன். ஐசியுல ஒரு வாரம், வார்டுல ஆறு வாரம். அங்கேயே முடிவாயிடுச்சு.

தனியா விட்ட முதல் வாரம் அழுகைதான். நைட்டுல 12 பெட், மாத்திரை கொடுத்து முடிக்கவே மணி பதினொண்ணு. அப்படி ஒரு ராத்திரி, இன்சுலின் போடுற தாத்தா ஒருத்தர் சம்பந்தமில்லாம பேச ஆரம்பிச்சார். "தூக்கக் கலக்கம்மா"ன்னாங்க பாட்டி. தொட்டா உடம்பு சில்லுனு வேர்த்திருந்தது. குளுக்கோமீட்டர்ல பார்த்தா சர்க்கரை 48தான், ரொம்பக் கம்மி. டியூட்டி டாக்டர் ஓடி வந்து 25% டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்தான்) ஏத்தச் சொன்னார். கொஞ்ச நேரத்துல தாத்தா, "காபி கிடைக்குமா?"ங்கிறார்! வார்டுல மானிட்டர் கத்தி எழுப்பாது, நாமதான் பார்க்கணும்.

ஐசியு ஆசை இன்னும் போகலை. ஒரு வருஷம் கழிச்சு மாத்திக் கேளுன்னு சூப்பிரண்டென்ட் மேடம் சொல்லியிருக்காங்க. வென்டிலேட்டர் பாடத்தை இப்பவே திரும்பப் படிச்சிட்டிருக்கேன். கால் வலிக்கு மட்டும் யாராவது நல்ல செருப்பு சொல்லுங்க.