சிலி தாமிரம்: ஆளுக்கு எத்தனை டன் என்று வகுத்தால் தப்பு தொழிலாளி மேல் விழுகிறதே?

திருவொற்றியூர் மாணவி:
எம்.ஏ. பொருளாதாரம், கடைசி வருடம். சிலி நாட்டுத் தாமிரச் சுரங்கங்களின் உற்பத்தித் திறன்தான் என் ப்ராஜெக்ட். வருட உற்பத்தியை ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்தேன். 1990களில் எண் ஜம்மென்று ஏறுகிறது. 2000களின் நடுவிலிருந்து பல வருடம் இறங்குகிறது. "சிலிக்காரன் சோம்பேறி ஆயிட்டானா?" என்று கைடு கேட்கிறார். லாரியும் மெஷினும் பெரிசாகிக்கொண்டே போகும்போது எண் மட்டும் ஏன் இறங்க வேண்டும்?

காயில் கடை, தண்டையார்பேட்டை:
எனக்குத் தெரிந்தது ரீவைண்டிங். எரிந்த மோட்டாரைப் பிரித்தால் வருவது அத்தனையும் செம்பு, கல் கிடையாது. மீதியைக் காசிமேட்டு அண்ணன் வந்து சொல்லட்டும்.

காசிமேடு கணக்கு:
வந்துட்டேன். ஒரு விசைப்படகு முதலாளிக்குப் பதினெட்டு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன் மா. நோட்டில் இடது பக்கம் டீசல், ஐஸ், ரேஷன். வலது பக்கம் ஏலத்தில் விழுந்த தொகை. நான் சேர்ந்த புதிதில் நாலு நாளில் பெட்டி நிரம்பும். இப்போது பத்து நாள் தங்கினாலும் பாதிதான். ஆள் அதே எட்டுப் பேர். ஜிபிஎஸ் வந்தாச்சு, வலையும் பெரிசு. ஆளுக்கு எத்தனை கிலோ என்று வகுத்தால் எட்டுப் பேரும் நடுக்கடலில் தூங்கியது போலத் தெரியும். பக்கத்தில் மீன் இல்லை, அவ்வளவுதான்.

சுரங்கத்தில் மீனுக்குப் பதில் தாது. 100 டன் கல்லில் 1 டன் தாமிரம் இருந்தால் ஒரு சதவீதத் தாது. சிலியில் அந்தச் சராசரி ஒரு சதவீதத்திலிருந்து நன்றாகவே இறங்கிவிட்டது. 0.7 என்று வை: அதே 1 டன்னுக்கு 143 டன் கல்லை உடைத்து அரைக்கணும். கழிவோடு போகிற தாமிரம் தனி. சுக்கிகமாட்டா என்கிற சிலிச் சுரங்கத்தில் நூறு வருடம் திறந்த குழியாகவே தோண்டி, கடைசியில் 2019இல் நிலத்தடிச் சுரங்கத்துக்கு மாறினார்கள். குழி ஆழமானால் லாரி மேலே ஏறி வர நேரமும் டீசலும் கூடும். அதற்கு டிரைவர் என்ன செய்வார்?

அதனால் ஆளுக்கு எத்தனை டன் கல் நகர்ந்தது என்று இன்னொரு வரிசையும் போடு. இரண்டும் இறங்கினால் நிர்வாகத்தைச் சந்தேகப்படு. தாமிரம் மட்டும் இறங்கினால் முதலில் தாதுவைப் பார்.

1990களின் ஏற்றத்தையும் அப்படியே நம்பாதே. எஸ்கோண்டிடா என்கிற பெரிய சுரங்கம் 1990இல்தான் ஆரம்பித்தது. புதுக் குழி, நல்ல தாது. அது சராசரியில் சேர்ந்தாலே நாட்டு எண் ஏறும்.

திருவொற்றியூர் மாணவி:
ஐயோ, தாது பக்கமே போகவில்லை அண்ணா! ஆள் எண்ணிக்கைக்குச் சுரங்க நிறுவனங்களின் நிரந்தர ஊழியரை மட்டும் எடுத்தேன், அது சரியா? இன்னொன்று, தாமிர விலை ஏறிய அதே வருடங்களில்தான் எண் இறங்குகிறது. தலைகீழாக இருக்கிறதே?

காசிமேடு கணக்கு:
சரியில்லை. காலை ஷிஃப்டுக்கு மணலியில் ஏதாவது ஒரு கம்பெனி கேட்டில் நின்று பார், நிரந்தரம் எத்தனை பேர், காண்ட்ராக்ட் எத்தனை பேர் என்று. சிலியிலும் காண்ட்ராக்ட் ஆட்கள்தான் அதிகம். அவர்களை விட்டால் உன் எண் சும்மா வீங்கும். முடிந்தால் தலையை விட்டு வேலை மணியை எண்ணு. 2017இல் எஸ்கோண்டிடாவில் ஆறு வாரம் வேலைநிறுத்தம். எங்களுக்கும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். வருடத்து மீனை 365ஆல் வகுத்துக் கொண்டுபோனால் முதலாளியே சிரிப்பார்.

விலையில் தலைகீழ் ஒன்றுமில்லை. 2003இல் பவுண்டு தாமிரம் ஒரு டாலருக்கும் கீழே, 2011இல் நாலு டாலருக்கு மேலே. வஞ்சிரம் விலை ஏறினால் இன்னும் பத்து மைல் போனாலும் கட்டுப்படியாகும் இல்லையா? அங்கேயும் முன்பு தொடாத மட்டக் கல்லைத் தோண்டலாம். ஆளுக்கு டன் குறையும், லாபம் கூடும். இதற்காகத்தான் பணத்தில் அளக்காதே, டன்னிலேயே அள. மெஷின், மின்சாரம் எல்லாம் சேர்த்து அளக்க மொத்தக் காரணி உற்பத்தித் திறன் என்று ஒரு முறை இருக்கிறது, அதிலும் தாதுவைச் சரிக்கட்டாவிட்டால் பழி மறுபடி ஆள் மேல்தான் விழும்.

காயில் கடை, தண்டையார்பேட்டை:
அண்ணே, 2011இல் எனாமல் கம்பி வாங்க நான் பட்ட பாடு இப்போதான் புரியுது.

காசிமேடு கணக்கு:
தாது சதவீதம் வருடவாரியாகக் கொச்சில்கோ வெளியிடுகிறது மா, சிலி அரசின் தாமிர ஆணையம். கைடிடம் அந்த வரிசையை முதலில் நீட்டு. இங்கே ஏலம் ஆரம்பிச்சாச்சு, மீதி ராத்திரி.