நாலாம் விரலை விடுங்கள் சாமி!

காட்பாடிக்காரன்:
நேற்று இங்கே ஒருவர் அருள்வாக்கு சொல்லியிருந்தார். நாலாம் விரலை, அதாவது மோதிர விரலை மட்டும் தூக்கித் தூக்கி அடித்துப் பழகினால் பியானோவில் வேகம் தானாக வருமாம். பற்றிக்கொண்டு வந்தது. உள்ளங்கையை மேசையில் கவிழ்த்து, நடுவிரலை உள்ளே மடக்கி, மோதிர விரலைத் தூக்கிப் பாருங்கள். எழும்பாது. அதை இழுக்கும் நாரான தசைநாண் பக்கத்து விரல்களோடு பிணைந்திருக்கிறது. எவ்வளவு அடித்தாலும் அந்தப் பிணைப்பு அறுபடப் போவதில்லை.

கறுப்புக்கட்டை88:
சொன்னது நான்தான். பிரெஞ்சுப் பியானோ ஆசிரியர் ஹானோன் 1873-இல் விரல்களுக்கென்று 60 பயிற்சிகள் போட்டாரே, அவர் முட்டாளா? நாலாம் பயிற்சியைத் திறந்து பாருங்கள். 3, 4, 5 விரல்களுக்கென்றே எழுதியது.

காட்பாடிக்காரன்:
மூன்று விரல் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். 'மட்டும்' எங்கே?

பாகாயம் அக்கா:
தம்பிகளா, வேகம் என்று எதைச் சொல்கிறீர்கள், சுரவரிசையில் ஏறி இறங்குவதையா, பக்கத்துப் பக்கத்துக் கட்டை இரண்டை மாற்றி மாற்றி அடிப்பதையா? ஸ்கேலா, டிரில்லா? ஸ்கேலில் கட்டைவிரலை அடியில் நுழைக்கும் இடத்தில்தான் பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள். தோள் காதுவரை ஏறிவிடும்.

காட்பாடிக்காரன்:
அக்கா, அது அப்புறம். முதலில் 'மட்டும்'.

கறுப்புக்கட்டை88:
தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து 108 வரை ஏற்றச் சொன்னார் ஹானோன். நான் ஏற்றிவிட்டேன். நீங்கள்?

ராணிப்பேட்டை ரசிகன்:
எதில் ஏற்றினீர்கள்? எடையில்லாத கட்டை வைத்த கீபோர்டில்! அசல் பியானோவில் ஒரு கட்டை இறங்கவே சுமார் 50 கிராம் அழுத்தம் வேண்டும்.

கறுப்புக்கட்டை88:
வேலூர் வெயிலில் அசல் பியானோ வாங்கி வைத்தால் சுருதி சேர்க்கிற ஆளுக்கு நீங்களா காசு தருவீர்கள்? போன கிறிஸ்துமஸ் கேரலில் என்னை ஓரங்கட்டிவிட்டு வாசித்தவர் எத்தனை இடத்தில் வழுக்கினார் என்று எனக்கும் தெரியும்.

காட்பாடிக்காரன்:
நான் வழுக்கவில்லை. கோரஸ் முந்தியது. பேச்சை மாற்றாதீர்கள். இசையமைப்பாளர் ஷூமன் விரலுக்குக் கருவி மாட்டிப் பழகி வலது கையைக் கெடுத்துக்கொண்ட கதை தெரியுமா?

கறுப்புக்கட்டை88:
கருவியால்தான் கெட்டதா என்று இன்றுவரை அடித்துக்கொள்கிறார்கள். உங்களுக்கு மட்டும் தீர்ப்பு வந்துவிட்டதோ?

காட்பாடிக்காரன்:
இந்த வேலூர், டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கைகளில் தசைநாண் மாற்றி அறுவை செய்த ஊர். இங்கே உட்கார்ந்து தசைநாணே இல்லாதது போலப் பேசுகிறீர்கள். 'மட்டும்' எங்கே என்று காட்டுங்கள், ஒரு கிலோ மக்கன் பேடா வாங்கித் தருகிறேன்.

ராணிப்பேட்டை ரசிகன்:
பேடா ஆற்காட்டிலிருந்து வர வேண்டும். காட்பாடி பேக்கரியில் வாங்கி ஏமாற்றக் கூடாது.

காட்பாடிக்காரன்:
காட்பாடிக்கு என்ன குறை?

பாகாயம் அக்கா:
ஸ்கேலா, டிரில்லா?

கறுப்புக்கட்டை88:
கோரஸ் முந்தியதாம்!