காந்தம் சுக்கான் மட்டும்தான்

கவிதா, 7:42
சித்தப்பா, ஹேமடைட் (இரும்பு ஆக்சைடு) துகளை வெச்சு சின்ன மணியைப் பிடிச்சு நகர்த்தப் பாக்குறேன். நிலக்கடலை வடிவத் துகள்ல பாதி அறையோட அடிக் கண்ணாடில ஒட்டிக்கிச்சு. மீதி, 5 மைக்ரான் பாலிஸ்டைரீன் (பிளாஸ்டிக்) மணி பக்கத்துல போயும் பிடிக்க மாட்டேங்குது. காந்தக் கட்டையை இன்னும் கிட்ட வைக்கட்டுமா?

சித்தப்பா, 7:46
வேண்டாம்மா. காந்தம் திசை திருப்புற சுக்கான் மட்டும்தான், மணியைப் பிடிக்கிறது நீல ஒளி. ஒளி பட்டா ஹேமடைட் கரைசல்ல இருக்கிற ஹைட்ரஜன் பெராக்சைடை உடைக்கும், சுத்தி செறிவு மாறும், அதனால நீர் துகளை நோக்கி ஓடும். மணி அந்த ஓட்டத்துல வந்து ஒட்டும். ஒளியை அணைச்சா விட்டுடும். 2013ல நியூயார்க் பல்கலைக்கழகத்துல பலாச்சி குழு செஞ்சதும் இதே வழிதான்.

பிரபா அண்ணா, 7:49
கரைசல் எப்படிக் கலந்த?

கவிதா, 7:51
30% பெராக்சைடு 1 மில்லி, நீர் 9 மில்லி. பிஎச் குறைவா (அமிலமா) இருந்துது, அதை ஏத்த பாஸ்பேட் பஃபர் (பிஎச்சை நிலையா வைக்கிற உப்புக் கரைசல்) கொஞ்சம் ஊத்தினேன்.

பிரபா அண்ணா, 7:53
பஃபர்தான் கெடுத்துது. உப்பு ஏறினா அந்த ஓட்டம் செத்துடும். பாஸ்பேட் ஹேமடைட் மேல வேற ஒட்டிக்கும். பாட்டில் பெராக்சைடு அமிலம். அமிலத்துல ஹேமடைட்டுக்கு நேர் மின்னூட்டம், கண்ணாடிக்கு எதிர் மின்னூட்டம், அதான் ஒட்டுது. டெட்ராமெத்தில் அமோனியம் ஹைட்ராக்சைடுங்கிற காரத்தைத் துளித்துளியா விட்டு பிஎச்சை 8.5 கிட்ட கொண்டு வா. மணியையும் அயனி நீக்கிய நீர்ல 3 தடவை சென்ட்ரிபியூஜ் பண்ணிக் கழுவு, கடைக்காரன் போட்ட சோப்பும், கெடாம இருக்கப் போட்ட அசைடும் போகணும்.

சித்தப்பா, 7:57
காந்தக் கட்டையை எடுத்துட்டு ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுருள் (நடுவுல சீரான காந்தப் புலம் தர்ற ஜோடிக் கம்பிச் சுருள்) போடு. கட்டை பக்கத்துல புலம் இடத்துக்கு இடம் மாறும், எந்தப் பக்கம் திருப்புறோம்னே தெரியாது. ஆரம் 5 செ.மீ., ஒவ்வொண்ணுலயும் 100 சுத்து, 1 ஆம்பியர் விட்டா நடுவுல 1.8 மில்லிடெஸ்லா வரும். 1 மில்லிடெஸ்லா இருந்தாலே நம்ம ஊர் பூமிப் புலத்தைப் போல 25 மடங்கு, போதும். துகளோட நீள அச்சு புலத்துக்குக் குறுக்கா நிக்கும், அதை வெச்சு திசை கணக்குப் போடு.

கவிதா, 8:01
மணி மிதந்துட்டு இருந்தா?

சித்தப்பா, 8:03
100 மைக்ரான் உயர அறைன்னா 2, 3 நிமிஷம் பொறு, அடியில இறங்கிடும். அப்புறம் ஒளி போடு. ஆக்சிஜன் குமிழி வந்தா அதோட ஓட்டம் எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயிடும். அப்போ துகளைக் குறை, கரைசலைப் புதுசா கல.

பிரபா அண்ணா, 8:05
நான் சொன்ன அந்த ஹைட்ராக்சைடு காரம் தோல் வழியா உள்ள போனாலே உயிருக்கு ஆபத்து, கவி. கையுறை, பாதுகாப்பு மூக்குக் கண்ணாடி இல்லாம பாட்டிலைத் திறக்காதே.