முகத்தில் நாலு துடிப்பு, கட்டைவிரலில் ஒன்றுமே இல்லை: எதை நம்புவது?

மயக்கவியல்_பிஜி

வணக்கம். லேப்பராஸ்கோபி கேஸ்களில் இரண்டு கையையும் உடம்போடு சேர்த்து மூடிவிடுகிறார்கள். அதனால் நரம்புத் தூண்டியின் எலக்ட்ரோடுகளைக் கண் ஓரத்திலும் புருவத்துக்கு மேலேயும் ஒட்டித்தான் டிஓஎஃப் (நரம்பை அடுத்தடுத்து நாலு முறை தூண்டித் தசையின் துடிப்பைப் பார்க்கும் சோதனை) பார்க்கிறேன். கையடக்கமான சாதாரண ஸ்டிமுலேட்டர். நாலாவது துடிப்புக்கும் முதல் துடிப்புக்கும் உள்ள விகிதத்தைக் காட்டும் திரை கிடையாது, கண்ணால் எண்ண வேண்டியதுதான்.

தசையைத் தளர்த்தும் ராக்குரோனியம் கிலோவுக்கு 0.6 மி.கி. கொடுத்து மூச்சுக்குழாயில் டியூப் போட்ட பிறகும் முகத்தில் நாலு துடிப்பும் வருகின்றன, அதுவும் நாலும் ஒரே அளவில். ஆனால் நோயாளி நன்றாகத் தளர்ந்திருக்கிறார். வெண்டிலேட்டரோடு மல்லுக்கட்டவில்லை, சர்ஜனும் வயிறு இறுக்கமாக இருப்பதாகச் சொல்லவில்லை. சந்தேகப்பட்டு ஒரு கையை வெளியே எடுத்து மணிக்கட்டில் ஒட்டிப் பார்த்தால் ஒரு துடிப்பும் இல்லை. இரண்டு இடத்திலும் 60 மில்லியாம்பியர்தான் வைத்தேன். பேட்டரி புதிது. கோளாறு கருவியிலா, ஒட்டும் இடத்திலா?

தியேட்டர்_டெக்

டாக்டர், முதலில் கையில் ஒன்றுமே வராததை முழுதாக நம்பிவிடாதீர்கள். பாக்கெட் பிரித்து நாளான எலக்ட்ரோடு என்றால் ஜெல் காய்ந்திருக்கும், மின்சாரம் சரியாக உள்ளே போகாது. தோலை ஸ்பிரிட்டால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு ஒட்டுங்கள். முடி இருந்தால் மழித்துவிடுங்கள். மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கமாக, அல்நார் நரம்பின் மேல், கருப்பு முனை உள்ளங்கைக்குக் கிட்டவும் சிவப்பு முனை முழங்கைப் பக்கமாகவும் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் துடிப்பு மந்தமாகத் தெரியும்.

கை சில்லென்று இருந்ததா? தோலின் வெப்பம் 32 டிகிரிக்குக் கீழே போனால் கட்டைவிரல் சரியாகப் பதில் சொல்லாது.

மயக்கவியல்_பிஜி

கை வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. எலக்ட்ரோடு அப்போதுதான் பிரித்த பாக்கெட். முனைகளும் நீங்கள் சொன்ன மாதிரியே.

சீனியர்_அனஸ்தடிஸ்ட்

அப்படியானால் கை சொல்வதுதான் உண்மை தம்பி. விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது: "நாலும் ஒரே அளவில்" என்று எழுதியிருக்கிறீர்கள், கவனித்தீர்களா?

ராக்குரோனியம் வேலை செய்யும்போது நரம்பு வழியாக வரும் துடிப்புகள் ஒன்றைவிட ஒன்று சிறுத்துக்கொண்டே போகும். மருந்து இன்னும் பலமாகப் பிடித்தால் நாலாவது போகும், அப்புறம் மூன்றாவது, இரண்டாவது என்று வரிசையாக மறையும். டியூப் போடும் அளவு மருந்து உள்ளே இருக்கும்போது நாலும் சற்றும் தேயாமல் வந்தால், நீங்கள் தூண்டுவது நரம்பை அல்ல, தசையை. எலக்ட்ரோடு கண்ணைச் சுற்றியுள்ள தசையின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. 60 மில்லியாம்பியர் அந்த இடத்துக்கு மிக அதிகம். மின்சாரம் நரம்பும் தசையும் சேரும் சந்திப்பைத் தொடாமல் நேராகத் தசையைச் சுருக்குகிறது. மருந்து தடுப்பதோ அந்தச் சந்திப்பை மட்டும். பிறகு எப்படித் துடிப்பு குறையும்?

முகத்தில்தான் பார்த்தாக வேண்டும் என்றால் கருப்பு முனையைக் காது மடலுக்குச் சற்று முன்னால், முகநரம்பு வெளியே வரும் பக்கமாக ஒட்டுங்கள். சிவப்பு முனையும் கண்ணை விட்டுத் தள்ளியே இருக்கட்டும். 20-30 மில்லியாம்பியர் போதும்.

மயக்கவியல்_பிஜி

சார், நீங்கள் சொன்னபடி அடுத்த கேஸில் 25 மில்லியாம்பியர் வைத்துக் காதோரம் ஒட்டினேன். மருந்து போன சற்று நேரத்தில் துடிப்புகள் தேய்ந்து நாலும் மறைந்துவிட்டன. அந்தக் குழப்பம் தீர்ந்தது.

இப்போது வேறொன்று. கேஸ் முடியும் நேரம் புருவத்தில் நாலு துடிப்பு. கையைத் திறந்து பார்த்தால் கட்டைவிரலில் இரண்டுதான். இதுவும் தசையை நேராகத் தூண்டுவதா?

சீனியர்_அனஸ்தடிஸ்ட்

இல்லை, இது தசைகளுக்குள்ளேயே இருக்கும் வித்தியாசம். புருவத்தைச் சுருக்கும் தசை, குரல்வளைத் தசை, உதரவிதானம் எல்லாம் மருந்துக்கு எளிதில் மசியாதவை, சீக்கிரம் விழித்துக்கொள்ளும். கட்டைவிரலை உள்ளே இழுக்கும் தசை பின்தங்கித்தான் வரும். தொண்டைத் தசைகளும் தாமதமாகவே தேறும். டியூப் எடுத்த பிறகு காற்றுப்பாதை அடைபடாமல் பார்த்துக்கொள்வது அவைதான். அதனால் டியூப் போடலாமா, வயிறு ஆழமாகத் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க முகம் சரி. டியூப் எடுக்கும் முடிவுக்கு முகம் கூடவே கூடாது. புருவத்தில் நாலைப் பார்த்து ரிவர்சல் (தளர்ச்சியை முறிக்கும் மருந்து) கொடுத்து அனுப்பினால், ரெக்கவரியில் தொளதொள என்று கிடப்பார்.

கட்டைவிரலில் இரண்டு என்றால் ரிவர்சல் மருந்தான நியோஸ்டிக்மினுக்கு இன்னும் நேரம் வரவில்லை. நாலும் வரட்டும், அதிலும் தேய்வு குறையக் குறைய நல்லது. கிலோவுக்கு 0.05 மி.கி., மொத்தம் 5 மி.கி. என்பதுதான் அதன் உச்சம். மேலே ஏற்றினாலும் பலன் கூடாது. முழு வேலை செய்யப் பத்து நிமிடம் ஆகலாம். இன்னொரு ரிவர்சல் மருந்தான சுகாமாடெக்ஸ் கையில் இருந்தால் இரண்டு துடிப்பிலேயே கிலோவுக்கு 2 மி.கி. கொடுக்கலாம். டிஓஎஃபில் ஒன்றும் இல்லாமல், டெட்டனஸுக்குப் (சில விநாடி விடாமல் கொடுக்கும் வேகமான தூண்டல்) பிந்தைய துடிப்புகளின் எண்ணிக்கை ஒன்றிரண்டு வருகிறதென்றால் கிலோவுக்கு 4 மி.கி. ஆனால் அது ராக்குரோனியத்துக்கும் வெக்குரோனியத்துக்கும்தான். அட்ராகுரியம் போட்டவருக்கு ஒரு பயனும் இல்லை.

பழைய_கை

இவ்வளவு கணக்கு எதற்கு என்று புரியவில்லை. தானாக மூச்சு விடுகிறார், டைடல் வால்யூம் (ஒரு மூச்சில் போய்வரும் காற்றின் அளவு) நன்றாக இருக்கிறது, தலையை ஐந்து விநாடி தூக்கிப் பிடிக்கிறார் என்றால் டியூபை எடுக்க வேண்டியதுதானே? காலம் காலமாக அப்படித்தானே செய்கிறோம்.

சீனியர்_அனஸ்தடிஸ்ட்

செய்தோம், நானும் செய்திருக்கிறேன். ஆனால் டைடல் வால்யூம் உதரவிதானத்தின் வேலை. அதுதான் முதலில் எழுந்துவிடுகிறதே! நாலாவது துடிப்பை முதல் துடிப்பால் வகுத்தால் வரும் விகிதம் 0.6 இருக்கும்போதே பலர் தலையைத் தூக்கிவிடுகிறார்கள். அந்த நிலையில் விழுங்குவது சரியாக நடக்காது, மேல் காற்றுப்பாதை சுருங்கலாம். 0.7 அளவில்கூட, ஆக்சிஜன் குறைந்தால் மூச்சைக் கூட்ட வேண்டும் என்ற உடலின் எச்சரிக்கை மழுங்கியே இருக்கிறது. முன்பு 0.7 போதும் என்றார்கள். இன்று கட்டைவிரலில் குறைந்தது 0.9.

பிஜி தம்பிக்கும் இதில் ஒன்று இருக்கிறது. நாலும் சமமாகத் தெரிகிறது என்று கண்ணோ விரல் நுனியோ சொன்னால், விகிதம் 0.4ஐத் தாண்டிவிட்டது என்பதுதான் அதன் பொருள். 0.4க்கும் 0.9க்கும் நடுவே உள்ள தேய்வு நம் கண்ணுக்கு அகப்படாது, எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் சரி. விகிதத்தை எண்ணாகக் காட்டும் மானிட்டர் வாங்கச் சொல்லித் துறையில் எழுதிக் கொடுங்கள்.

பழைய_கை

அந்த மானிட்டரில் ஒன்று பார்த்தேன். மருந்து போடுவதற்கு முன்பே 1.15 காட்டியது. அதை எப்படி நம்புவது?

சீனியர்_அனஸ்தடிஸ்ட்

கட்டைவிரலில் சென்சார் கட்டி முடுக்கத்தை அளக்கும் வகையாக இருக்கும். அவற்றில் 1க்கு மேல் வருவது வழக்கம்தான். அதனால்தான் தூங்க வைத்த பிறகு, ரிலாக்ஸன்ட் போடுவதற்கு முன், ஒரு தொடக்க அளவு எடுத்து வைக்கச் சொல்கிறோம். தொடக்கம் 1.15 என்றால் பின்னால் திரையில் தெரியும் 0.9 உண்மையில் 0.78தான். அவருக்கு 1.04 வரும்வரை காத்திருங்கள். தசையின் மின்னலையை அளக்கும் வகையில் இந்தத் தொல்லை கிடையாது, கட்டைவிரல் அசைய இடமும் வேண்டாம்.

தியேட்டர்_டெக்

கை மூடியிருக்கும் கேஸுக்கு ஒரு வழி. கையை மூடுவதற்கு முன்பே எலக்ட்ரோடை ஒட்டி வயரை வெளியே இழுத்து வைத்துவிடுங்கள், கடைசியில் தேட வேண்டியதில்லை. முடுக்கம் அளக்கும் கருவி என்றால் கட்டைவிரலைத் துணி அமுக்கக் கூடாது. அமுக்கினால் எண்ணை நம்ப முடியாது. கைக்கு வழியே இல்லையென்றால் கால். உள் கணுக்கால் எலும்புக்குப் பின்னால் ஒட்டினால் கால் பெருவிரல் மடங்குவது நன்றாகத் தெரியும்.

பக்கவாதம் வந்த பக்கத்துக் கையில் மட்டும் ஒட்டாதீர்கள். அந்தத் தசை மருந்துக்கு மசியாது, துடிப்பு கூடுதலாக வரும். அதைப் பார்த்து மருந்தை ஏற்றிக்கொண்டே போவீர்கள்.

மயக்கவியல்_பிஜி

கால் நல்ல யோசனை, நாளைக்கே பார்க்கிறேன். கடைசியாக ஒன்று: டிஓஎஃபை எவ்வளவு இடைவெளியில் அழுத்தலாம்?

சீனியர்_அனஸ்தடிஸ்ட்

குறைந்தது 10 முதல் 15 விநாடி. டெட்டனஸ் கொடுத்திருந்தால் ஐந்து நிமிடமாவது அந்த இடத்தை விட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த துடிப்புகள் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும்.