மறு: எலெக்ட்ரிக் கிதார் பாகங்கள்: 'பிக்கப்'புக்கு என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம். கிதார் பாகங்களுக்கு நாம் போட்டுவரும் தமிழ்ச் சொற்பட்டியலில், தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் 'பிக்கப்'புக்கு என்ன பெயர் என்பதற்கு என் பதில் இது.

> பிக்கப்பை ஒலிவாங்கி என்றே வைத்துக்கொள்ளலாமே, ஏற்கெனவே வழக்கில் உள்ள சொல்தானே.

வழக்கில் இருப்பதுதான் சிக்கல். ஒலிவாங்கி என்றால் எல்லோருக்கும் மைக்தான். மைக் காற்றில் வரும் ஒலியை வாங்குகிறது. பிக்கப் காற்றைக் கண்டுகொள்வதே இல்லை. ஒரு காந்தம், அதைச் சுற்றித் தலைமுடி கனத்தில் செப்புக் கம்பி. ஃபெண்டர் நிறுவனத்துக் கிதார் வகையில் ஏறக்குறைய 8,000 சுற்று. மேலே ஓடும் எஃகுத் தந்தியும் இந்தக் காந்தத்தால் காந்தமாகிறது. அது அதிர்ந்தால் சுருளுக்குள் காந்தப்புலம் மாறுகிறது, மின்னழுத்தம் பிறக்கிறது. அவ்வளவுதான். நைலான் தந்தி மாட்டிவிட்டு எவ்வளவு ஓங்கி மீட்டினாலும் ஸ்பீக்கரில் ஒன்றும் வராது.

ஆகவே என் பரிந்துரை: தந்தியுணரி. சென்சாருக்கு உணரி என்பது ஏற்கெனவே புழங்குகிறது.

குவீன் இசைக்குழுவின் கிதார் கலைஞர் பிரையன் மே கதை இதற்கு நல்ல சான்று. 1963இல் அவரும் அப்பாவும் வீட்டிலேயே கிதார் செய்ய உட்கார்ந்தார்கள். கழுத்துக்குப் பழைய கணப்பு மாடத்து மஹோகனி, சுருதியை ஏற்றி இறக்கும் ட்ரெமொலோ அமைப்புக்கு மோட்டார் சைக்கிள் வால்வு ஸ்பிரிங். மரவேலையெல்லாம் கைகூடியது. பிக்கப்பையும் தானே சுற்றிப் பார்த்தார்; தந்தியை விரலால் பக்கவாட்டில் இழுத்தால் வேண்டாத இரைச்சல் வந்தது. கடைசியில் பர்ன்ஸ் ட்ரைசானிக் என்ற ஆயத்தப் பிக்கப்பை வாங்கிப் பொருத்தினார். தந்தி எங்கே நிற்கிறது, எப்படி அசைகிறது என்பதைத்தான் அந்தச் சுருள் பார்க்கிறது. பெயரும் அதைச் சொல்லட்டும்.

> தந்தி என்றால் டெலிகிராம் நினைவு வருமே?

அந்தச் சேவை 2013 ஜூலையோடு நின்றுவிட்டது. நாளிதழ் ஒன்று மட்டும் பாக்கி, அதை யாரும் கிதாரில் மாட்டப்போவதில்லை.

தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜுக்கு அடியில் வைக்கும் பீஸோ வகைப் பிக்கப்புக்குத் தந்தியுணரி பொருந்தாது, ஒப்புக்கொள்கிறேன். அது அழுத்தத்தை உணர்வது, நைலானிலும் வேலை செய்யும். வீணைக்காரர்கள் பிரிட்ஜைக் குதிரை என்கிறார்கள். அந்தக் கணக்கில் இது குதிரையுணரி. சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள், எனக்குப் பிடித்திருக்கிறது.

அப்புறம், கழுத்தில் குறுக்கே பதிக்கும் கம்பியான ஃப்ரெட்டுக்குப் புதுச்சொல் எதற்கு? வீணையின் மெட்டு இருக்கிறதே. பாட்டு மெட்டோடு குழம்பும் என்றால் மெட்டுக்கம்பி என்று எழுதுவோம். வீணையில் மெட்டை மெழுகில் பதிக்கிறார்கள், சுருதி விலகினால் மெழுகைப் புதுப்பித்துச் சரிசெய்யலாம். கிதாரில் ரம்பத்தால் கீறி, கம்பியைச் சுத்தியலால் அடித்து இறக்குகிறோம். கீறல் தவறினால் பலகை போனது போனதுதான். வேலை ஒன்றுதான், பதிக்கும் முறை மட்டும் வேறு. அதற்காகப் பெயரை மாற்ற வேண்டியதில்லை. அதே காரணத்தால் தந்தியை முறுக்கும் ஆணிக்கும் பிரடையே போதும்.

ட்ரஸ் ராடுக்கு நிமிர்த்துகோல். ஆறு தந்திகளும் சேர்ந்து சுமார் 45 கிலோ இழுப்பு. கழுத்து முன்னால் வளையாமல் உள்ளிருந்து நிமிர்த்துவது அந்தக் கோல். இதில் யாருக்கும் மறுப்பு இருக்காது என்று நினைக்கிறேன்.

எனக்கு உண்மையிலேயே பிடிபடாதது ஹம்பக்கர் என்ற பிக்கப் வகைக்கான பெயர். கிப்சன் கிதார் நிறுவனத்தில் சேத் லவர் 1955இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது. இரண்டு சுருள்கள், காந்த முனையும் சுற்றும் திசையும் எதிரெதிர். நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சார முனகல் இரண்டிலும் எதிராக வந்து அடிபட்டுப்போகும், தந்தியின் குறிகை (சிக்னல்) மட்டும் கூடும். இரட்டையுணரி என்றால் எளிது, ஆனால் இரண்டு தனிச் சுருள்களைப் பக்கத்தில் வைத்தாலும் அதே பெயர் சொல்லிவிடுவார்கள். முனகலடக்கி என்று யோசித்தேன். மின்வேலை தெரிந்தவர்கள் இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்; மற்றவற்றை இந்த வாரமே பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.