டையோடு போட்டால் போதும் என்பவர்களுக்கு: பிரேக் பிடிக்கும்போது இன்டிகேட்டர் மினுக்குகிறதா?

வெள்ளைஜீப்:
போன வாரம் பன்னிரண்டுவோல்ட் என்பவர் இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. மோட்டார்ஹோமுக்கு, அதாவது வீடு மாதிரி இருக்கும் வண்டிக்குப் பின்னால் நாலு சக்கரமும் தரையில் உருள இழுத்துப்போகும் காருக்கு விளக்கு எப்படிக் கொடுப்பது என்று ஒருவர் கேட்டார். "நாலு டையோடு போடுங்கள், வேலை முடிந்தது, வேறு எதையும் யோசிக்க வேண்டாம்" என்று பன்னிரண்டுவோல்ட் பதில் சொன்னார் (டையோடு என்பது மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் சின்ன உறுப்பு). அதற்குப் பதினைந்து பேர் நன்றி வேறு சொல்லியிருக்கிறார்கள்.

நானும் அதைத்தான் செய்தேன். 2014 ஜீப் ராங்லர், இரண்டு பக்கமும் டையோடு, காருக்குள் பிரேக் பெடலை மிதிக்கிற துணைப் பிரேக் பெட்டி. ஜூன் மாதம் அரிசோனாவில் ஃபிளாக்ஸ்டாஃபிலிருந்து 17ஆம் நெடுஞ்சாலையில் ஃபீனிக்ஸுக்கு இறங்கினோம். 7,000 அடியிலிருந்து 1,100 அடிக்கு வருகிற சாலை, பிரேக்கைத் தொடாமல் வர முடியாது. என் மைத்துனர் பின்னால் தன் காரில் வந்தார். சன்செட் பாயின்ட்டில் ஒதுங்கி நின்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன அத்தான், சிக்னலே போடாமல் திரும்பிவிட்டீர்கள்?" நான் கால் மைலுக்கு முன்பே போட்டிருந்தேன்.

காரணம் இதுதான். என் ஜீப்பில் பிரேக்குக்கும் இன்டிகேட்டருக்கும் ஒரே சிவப்பு விளக்கு. மோட்டார்ஹோமிலிருந்து பச்சை வயரில் மின்சாரம் விட்டுவிட்டு வருகிறது, அதாவது வலது பக்கம் மினுக்கச் சொல்கிறது. அதே நேரம் பெட்டி ஜீப்பின் பெடலை மிதிப்பதால், ஜீப்பே தன் பிரேக் விளக்குக்கு விடாமல் மின்சாரம் அனுப்புகிறது. டையோடு இரண்டையும் உள்ளே விடும். ஒன்று விட்டுவிட்டு, ஒன்று விடாமல். விளக்கு என்ன செய்யும்? நின்று எரியும். மினுக்காது.

ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். பெடலை மிதித்துக்கொண்டு சோதித்தீர்களா?

பன்னிரண்டுவோல்ட்:
பெயர் சொல்லித் திரி தொடங்கிவிட்டதால் பெயர் சொல்லியே பதில் தருகிறேன். நான் 27 வருடமாக மின்சார வேலையில் இருக்கிறேன். டையோடு என்றால் ஒருவழிப்பாதை. மோட்டார்ஹோமிலிருந்து வருவது விளக்குக்குப் போகும், காரின் வயரிங்குக்குள் திரும்பிப் போகாது. காரிலிருந்து வருவதும் விளக்குக்குப் போகும், மோட்டார்ஹோமுக்குள் திரும்பாது. டையோடு இல்லாமல் வயரை நேராக முறுக்கி டேப் ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், இடது இன்டிகேட்டர் போட்டால் இரண்டு பக்கமும் மினுக்கும், பியூஸ் போகும், காரின் கன்ட்ரோல் மாட்யூலே எரியலாம். அந்த ஆபத்திலிருந்து மக்களைக் காப்பாற்றத்தான் நான் எழுதினேன், அதற்குக் கிடைக்கிற மரியாதை இது.

என் வண்டியில் மினுக்குகிறது. தினமும் கிளம்பும் முன் வீட்டுக்காரம்மா பின்னால் நின்று பார்த்துச் சொல்கிறார். இடது, வலது, பிரேக், டெயில் லைட், நாலும் சரி. உங்களுடையது மினுக்கவில்லை என்றால் எர்த் பார்க்கவும். வெள்ளை வயரை விட்டு, காரை இழுக்கும் டோ பாரின் இரும்பை நம்பி விட்டிருப்பீர்கள்.

வெள்ளைஜீப்:
எர்த் வயர் தனியாக, காரின் சட்டத்தில் பெயின்ட்டைச் சுரண்டி போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறேன். வீட்டு வாசலில் நிற்கும்போது என்னுடையதும் நன்றாக மினுக்கும். வாசலில் துணைப் பிரேக் பெட்டி பெடலை மிதிப்பதில்லையே. பெடலை மிதித்துக்கொண்டு சோதித்தீர்களா?

நெடுஞ்சாலைக்காரி:
இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். பன்னிரண்டுவோல்ட் சார், உங்கள் காரில் இன்டிகேட்டர் தனி மஞ்சள் விளக்கா, இல்லை பிரேக் விளக்கே மினுக்குகிற வகையா? அமெரிக்காவில் இரண்டும் சட்டப்படி சரிதான், பின்பக்க இன்டிகேட்டர் சிவப்பாகவும் இருக்கலாம், மஞ்சளாகவும் இருக்கலாம். மஞ்சள் தனியாக இருந்து, மோட்டார்ஹோமிலிருந்தும் தனி வயர் வந்தால் நீங்கள் சொல்வது சரி, பிரேக் ஒரு பக்கம் எரியும், இன்டிகேட்டர் தன்பாட்டுக்கு மினுக்கும். ஒரே சிவப்பு என்றால் தம்பி சொல்வது சரி. இதை முதலில் சொல்லிவிட்டால் பாதி சண்டை இல்லை.

பன்னிரண்டுவோல்ட்:
அக்கா, நிறம் எதுவாக இருந்தாலும் டையோடு டையோடுதான். எலக்ட்ரானுக்கு மஞ்சள் சிவப்பு தெரியாது. மினுக்கும் என்றால் மினுக்கும்.

பாலைவனப்பயணி:
இதற்குத்தான் நான் தனி விளக்கு என்று எப்போதும் சொல்கிறேன். காரின் வயரிங்கைத் தொடாதீர்கள், தனியாக ஒரு செட் விளக்கு போடுங்கள், டையோடும் வேண்டாம், சண்டையும் வேண்டாம்.

ஒன்டாரியோ401:
தனி விளக்கு என்றால் எது? டெயில் லைட் கூட்டில் துளை போட்டு உள்ளே கூடுதலாக ஒரு பல்பு வைப்பதா? அப்படி வைத்தாலும் பக்கத்திலேயே காரின் சொந்த பிரேக் பல்பு விடாமல் எரிந்துகொண்டிருக்கும், அந்த வெளிச்சத்தில் உங்கள் பல்பு மினுக்குவது பகலில் யாருக்குத் தெரியும்? மேலும் இப்போது வருகிற எல்இடி டெயில் லைட்டில் துளை போட இடமே இல்லை, போட்டால் மழைத் தண்ணீர் இறங்கும்.

பாலைவனப்பயணி:
நான் சொன்னது காந்த விளக்கு. டிக்கி மேல் ஒட்டிவைப்பது.

ஒன்டாரியோ401:
அப்படியென்றால் காந்த விளக்கு என்று எழுதுங்கள். இங்கே தனி விளக்கு என்று சொன்னால் ஆளுக்கு ஒன்று புரிந்துகொள்கிறார்கள். அதுசரி, அந்தக் காந்த விளக்கு ஒன்று நடுவழியில் கழன்று வயரில் தொங்கி உங்கள் கார் பெயின்ட்டை நாசம் செய்தது என்று போன வருடம் நீங்களே புலம்பினீர்களே.

பாலைவனப்பயணி:
அது நான் சரியாகத் துடைக்காமல் ஒட்டியதால். அதற்குப் பிறகு கழன்றதே இல்லை. 2015 ஹோண்டா சிஆர்வி கார் வாங்கி நாலு சக்கரத்தில் இழுக்கலாம் என்று ஒருவருக்கு ஆலோசனை சொன்ன ஆள் நீங்கள், நீங்கள் எனக்குப் பாடம் நடத்த வேண்டாம். 2014 வரைதான் அது முடியும், 2015இல் சிவிடி என்ற வேறு வகை கியர்பாக்ஸ் வந்த பிறகு ஹோண்டாவே கூடாது என்று சொல்லிவிட்டது. அந்த மனிதர் உங்கள் பேச்சைக் கேட்டிருந்தால் கியர்பாக்ஸ் போயிருக்கும்.

ஒன்டாரியோ401:
அதை நான் அன்று மாலையே திருத்தினேன். திருத்தியதை மட்டும் யாரும் நினைவில் வைப்பதில்லை.

வெள்ளைஜீப்:
திரி எங்கேயோ போகிறது. பன்னிரண்டுவோல்ட் சார், பெடலை மிதித்துக்கொண்டு சோதித்தீர்களா?

பன்னிரண்டுவோல்ட்:
ஒரே கேள்வியைப் பத்து முறை கேட்டால் அது உண்மையாகிவிடாது. கணக்காகவே சொல்கிறேன், படித்துக்கொள்ளுங்கள். உங்கள் ராங்லரின் பல்பு 27 வாட், இரண்டு ஆம்பியர் சொச்சம் இழுக்கும். டையோடில் 0.7 வோல்ட் விழும். அதாவது ஒன்றரை வாட் அளவு சூடு, அதற்கு 6 ஆம்பியர் டையோடு தாராளம். வெளிச்சம் ஆறில் ஒரு பங்கு குறையும், கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. இப்படி ஒவ்வொன்றையும் கணக்குப் போட்டுத்தான் நான் சொல்கிறேன். உங்கள் மைத்துனர் கண்ணால் பார்த்ததை வைத்து நான் கணக்கை மாற்ற முடியாது. அவர் எத்தனை அடி தள்ளி வந்தார்? வெயில் எந்தப் பக்கம்? கீழே இறங்குகிற சாலையில் பின்னால் வருகிறவர் கவனம் சாலையில் இருக்க வேண்டும், உங்கள் விளக்கில் அல்ல.

இன்னொன்று. மோட்டார்ஹோமின் பின்பக்கத்திலேயே இன்டிகேட்டர் இருக்கிறதே, அது தெரியாதா?

வெள்ளைஜீப்:
என் மைத்துனர் பொய் சொல்கிறார் என்கிறீர்களா? அவர் பதினெட்டு வருடம் லாரி ஓட்டியவர், யாருடைய சிக்னலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. மோட்டார்ஹோமின் இன்டிகேட்டர் பம்பர் உயரத்தில் இருக்கிறது, அதற்குப் பின்னால் ஜீப் நிற்கிறது, ஜீப்பின் முதுகில் உதிரிச் சக்கரம் வேறு. பின்னால் வருகிறவருக்கு ஜீப்பின் விளக்குதான் தெரியும், அதனால்தானே இழுக்கப்படுகிற காருக்கும் விளக்கு எரிய வேண்டும் என்று சட்டம் வைத்திருக்கிறார்கள்?

நீங்கள் சொன்ன 0.7 வோல்ட் கணக்கு முழுவதும் சரி. நான் அதைக் கேட்கவே இல்லை. இரண்டு பக்கத்திலிருந்தும் மின்சாரம் வந்தால் விளக்கு என்ன செய்யும் என்று கேட்கிறேன்.

பன்னிரண்டுவோல்ட்:
முதலில் அது இன்டிகேட்டர் இல்லை. இத்தனை வருடம் இந்த நாட்டில் ஓட்டுகிறீர்கள், டர்ன் சிக்னல் என்று சொல்லப் பழகுங்கள். கடையில் போய் இன்டிகேட்டர் டையோடு என்று கேட்டால் எவனுக்குப் புரியும்?

நெடுஞ்சாலைக்காரி:
நாம் ஊரில் ஓட்டப் பழகிய நாளிலிருந்து இன்டிகேட்டர்தான் சார். இங்கே படிக்கிற எல்லாருக்கும் புரிகிறது. நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை, மஞ்சளா சிவப்பா?

பன்னிரண்டுவோல்ட்:
அதற்கு நான் பதில் சொல்லிவிட்டேன், மேலே பாருங்கள்.

புதுவண்டி:
வணக்கம், நான் புதிது. மோட்டார்ஹோம் போன மாதம்தான் வாங்கினோம், இன்னும் காரை இழுத்ததில்லை. இப்போது நான் டையோடு வாங்குவதா வேண்டாமா? பின்னால் ஏழு பின் சாக்கெட் இருக்கிறது, காருக்கு நாலு வயர் போதும் என்கிறார்கள்.

நெடுஞ்சாலைக்காரி:
விளக்குக்கு நாலு போதும் தம்பி. வெள்ளை எர்த், பழுப்பு டெயில் லைட், மஞ்சள் இடது, பச்சை வலது. இடதும் வலதும் பிரேக்கையும் சேர்த்தே தூக்கிக்கொண்டு வரும். ஏழு பின்னில் மீதி உள்ளவை டிரெய்லர் பிரேக், சார்ஜ் லைன், ரிவர்ஸ் விளக்கு. சார்ஜ் லைனை மட்டும் விட்டுவிடாதே, ஸ்டியரிங் பூட்டாமல் இருக்கச் சாவியை நாள் முழுக்கத் திருப்பியே வைத்து இழுத்தால் சில கார்களில் பேட்டரி காலியாகிவிடும். டையோடு வாங்கு, அதில் தவறு இல்லை. ஆனால் உன் காரில் பிரேக் விளக்கே மினுக்குகிற வகை என்றால், துணைப் பிரேக் வைக்கும்போது ஒரு ரிலேயும் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வேண்டும். இழுக்கும்போது மட்டும் காரின் பெடல் சுவிட்சிலிருந்து விளக்குக்குப் போகிற வயரை அது துண்டித்துவிடும். அப்போது மோட்டார்ஹோம் சொல்வதை மட்டும் விளக்கு கேட்கும்.

பன்னிரண்டுவோல்ட்:
புதிதாக வந்தவரைக் குழப்பாதீர்கள். பெடல் சுவிட்ச் வயரை வெட்டச் சொல்வது எவ்வளவு பெரிய பொறுப்பின்மை என்று தெரியுமா? அந்த ரிலே ஒரு நாள் ஒட்டிக்கொண்டால், காரைக் கழற்றிக் கடைக்கு ஓட்டிப்போகும்போது பிரேக் விளக்கே எரியாது. பின்னால் வருகிறவன் மோதுவான். புது கார்களில் அந்த சுவிட்ச் கம்ப்யூட்டருக்கும் செய்தி சொல்கிறது, அதை வெட்டினால் எச்சரிக்கை விளக்குகள் வரிசையாக எரியும். புதுவண்டி, நாலு டையோடு போடுங்கள், வேறு எதையும் யோசிக்க வேண்டாம்.

வெள்ளைஜீப்:
பாருங்கள், மறுபடியும் அதே வரி. மின்சாரம் வந்தால் மட்டும் வயரைத் துண்டிக்கும் வகை ரிலேயை வைத்தால், மின்சாரம் இல்லாதபோது தானாகவே வயர் சேர்ந்திருக்கும், காரைக் கழற்றினால் பிரேக் விளக்கு வழக்கம்போல எரியும். நான் அப்படித்தான் மாற்றியிருக்கிறேன். போன மாதம் அதே சாலையில் இறங்கினேன், மைத்துனர் பின்னால் வந்தார், பிரேக் பிடித்தபடியே வலது பக்கம் மினுக்குவதைப் படம் பிடித்து அனுப்பினார்.

பன்னிரண்டுவோல்ட்:
மறுபடியும் மைத்துனர்.

ஒன்டாரியோ401:
எல்இடி பற்றி யாரும் பேசவே இல்லை. சில கார்களில் விளக்கு சரியாக இருக்கிறதா என்று கம்ப்யூட்டர் அடிக்கடி சின்னத் துடிப்பு அனுப்பிப் பார்க்கும், நடுவில் டையோடு வந்தால் விளக்கு போய்விட்டது என்று திரையில் காட்டும். என் காரில் அதுதான் பிரச்சினை. அதற்கு யாராவது வழி சொன்னால்

பாலைவனப்பயணி:
காந்த விளக்கு.

ஒன்டாரியோ401:
உங்களிடம் கேட்கவில்லை.

பன்னிரண்டுவோல்ட்:
எல்இடிக்கும் டையோடுதான், தரமானதாக வாங்குங்கள். நான் இந்தத் திரியில் இதுவரை சொன்ன ஒன்றையாவது யாராவது கணக்கு போட்டுத் தவறு என்று காட்டியிருக்கிறீர்களா? இல்லை. ஆறு வருடமாக யார் கேட்டாலும் உட்கார்ந்து படம் வரைந்து விளக்கியவன் நான். நள்ளிரவில் டெக்சாஸில் வழியில் நின்ற ஒருவருக்குத் தொலைபேசியில் ஒவ்வொரு வயராகச் சொல்லிக் கொடுத்தேன். அப்போதெல்லாம் பாராட்டியவர்கள் இன்று அமைதியாக இருக்கிறார்கள். என் வண்டியில் மினுக்குகிறது. இன்று காலையிலும் பார்த்தேன். மினுக்குகிறது.

வெள்ளைஜீப்:
உங்கள் உதவியை யாரும் மறுக்கவில்லை சார், நான் முதன்முதலில் வயர் போட்டதே நீங்கள் வரைந்த படத்தைப் பார்த்துத்தான். அதனால்தான் கேட்கிறேன். இன்று காலை பார்த்தபோது காருக்குள் யாராவது பெடலை மிதித்துக்கொண்டு இருந்தார்களா?

பன்னிரண்டுவோல்ட்:
என் வீட்டுக்காரம்மா பின்னால் நின்றார், நான் மோட்டார்ஹோமில் இருந்தேன். காருக்குள் யார் இருக்க வேண்டும், உங்கள் மைத்துனரா?

நெடுஞ்சாலைக்காரி:
அப்படியென்றால் மிதிக்கவில்லை.

பன்னிரண்டுவோல்ட்:
மிதிக்கத் தேவையில்லை என்று சொல்கிறேன். டையோடு ஒருவழிப்பாதை. முதல் பதிவிலிருந்து இதைத்தான் சொல்கிறேன்.

புதுவண்டி:
மன்னிக்கவும், எங்கள் காரில் பின்னால் மஞ்சள் விளக்கும் இருக்கிறது, சிவப்பும் இருக்கிறது, மோட்டார்ஹோமில் சிவப்பு மட்டும்தான் மினுக்குகிறது. நான் பச்சை வயரை எதில் சேர்க்க வேண்டும்?

பன்னிரண்டுவோல்ட்:
சிவப்பில். டையோடு போட்டு.

வெள்ளைஜீப்:
சிவப்பில் சேர்த்துத் துணைப் பிரேக்கும் வைத்தால் எனக்கு நடந்ததுதான் உங்களுக்கும் நடக்கும். இழுத்துக் கிளம்பும் முன் ஒருவரைக் காருக்குள் உட்கார்ந்து பெடலை மிதிக்கச் சொல்லி

பன்னிரண்டுவோல்ட்:
தொடங்கிவிட்டார்.